கதவில் ஒட்டியிருந்த எண்

நான் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்த காலத்தில், கிணற்றைத் திரையில் கண்காணிக்கும் எங்கள் அறையான மட் லாகிங் யூனிட்டின் இரும்புக் கதவில் உள்பக்கமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்தக் கடலுக்குச் சொந்தமான நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு ஒட்டச் சொன்னது. பாதுகாப்பில் ஏதாவது தப்பாகத் தெரிந்து, மேலே சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால் இந்த எண்ணுக்கு நேராகப் பேசலாம், பெயர் வெளியே வராது என்று இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது. முதல் வாரம் படித்தேன். அப்புறம் எதிரிலேயே இருந்தும் கண்ணில் படாமல் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து கடலடியில் கால் ஊன்றி நிற்கும் எங்கள் ஜாக்-அப் ரிக்கின் கால்களைத் தூக்கி, மூன்று இழுவைப் படகுகளைக் கட்டி, 11 நாள் இழுத்துக்கொண்டு போய் வேறொரு நாட்டின் கடலில் நிறுத்தினார்கள். அதே ரிக், அதே டிரில்லர் (தோண்டும் எந்திரத்தை இயக்குபவர்), அதே பி.ஓ.பி. (கிணறு பீறிட்டால் மூடும் பெரிய வால்வு அமைப்பு), சமையல்காரர்கூட அவரேதான். ஸ்டிக்கரையும் யாரும் மாற்றவில்லை. அங்கே போய் மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு நள்ளிரவில், டீ கிளாஸோடு கதவைத் திறக்கப் போனபோது அந்த எண் மறுபடி கண்ணில் பட்டது. இங்கிருந்து இதற்குப் போன் போட்டால் எடுக்கிறவர் என்ன செய்வார் என்று நின்று யோசித்தேன். ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தண்ணீரில் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்படியானால் இங்கே யாருக்குப் பேச வேண்டும்? அதற்கு ஒரு எண் எங்கேயும் இல்லை.

அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த இரவு மட்டும் என்னை விடவில்லை. கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுப்பதை நாடுகள் சேர்ந்து ஒழுங்குபடுத்த முடியுமா, முடியாதா என்று படிக்க ஆரம்பித்ததே அதனால்தான். எனக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. அது இரண்டு தடவை உடைந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதே ரிக், இரண்டு கடல்

மட் லாகர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மட் என்பது தோண்டும்போது கிணற்றுக்குள் செலுத்தும், கீழே இருப்பதை அழுத்தி வைக்கும் கனமான சேற்றுத் திரவம்; அது உள்ளே போகிற அளவும் வெளியே வருகிற அளவும் சரியாக இருக்கிறதா என்று 12 மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வந்தால், கீழேயிருந்து ஏதோ ஏறி வருகிறது என்று அர்த்தம். திரையில் பிட் லெவல் (மட் தொட்டியின் மட்டம்) கோடு, மெதுவாக, சந்தேகப்படவும் முடியாத அளவுக்கு மேலே சாயும். அப்போது போனை எடுத்து டிரில்லரைக் கூப்பிட வேண்டும். அவர் வேலையை நிறுத்தி, பம்பை அணைத்து, கிணறு தானாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அதைத்தான் ஃப்ளோ செக் என்போம். நேரம் வீணாகும். ரிக்கின் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், சும்மா நிறுத்தச் சொல்கிறவனை யாருக்கும் பிடிக்காது.

முதல் நாட்டில் இருந்தபோது ஒருநாள் இரண்டு ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரில் வந்தார்கள். யாரிடம் பேசுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஒருவர் எங்கள் யூனிட்டுக்குள் வந்து, சாம்பிள் பைகளை நகர்த்திவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்பு அவரும் ரிக்கில் இருந்தவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிட் லெவல் ஏறுகிறது என்று டிரில்லரிடம் சொல்கிறீர்கள். அவர், ஒன்றுமில்லை, டேங்குக்கு டேங்க் மட் மாற்றுகிறோம் என்கிறார். என்ன செய்வீர்கள்?" மறுபடி சொல்வேன் என்றேன். "மறுபடியும் அதே பதில் வருகிறது." ரிக்கில் எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதியான கம்பெனி மேனிடம் சொல்வேன் என்றேன். "அவர் தூங்குகிறார்." எழுப்புவேன். "இதுவரை எழுப்பியிருக்கிறீர்களா?" இல்லை. அவர் தலையை ஆட்டி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். திட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு காகிதம் வந்தது: லாகர் கேட்டால் ஃப்ளோ செக் செய்தே ஆக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, செய்ததற்கு டிரில்லருக்கு மேலாளரான டூல்புஷர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்குப் பிறகு போனை எடுக்கும்போது என் கை தயங்கியதே இல்லை.

இரண்டாவது நாட்டிலும் ஒரு அதிகாரி வந்தார். உயிர்காப்புப் படகுகளை எண்ணினார், தீயணைப்பான்களின் தேதிச் சீட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்களைச் சரிபார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய துறையில் ஆட்கள் மிகவும் குறைவு. கடல் பகுதிகளைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வசூலிப்பதும் அதே துறைதான். கிணறு தோண்டிப் பழகிய ஒருவர் அங்கே இருந்திருந்தால் கம்பெனிகளே நாலு மடங்கு சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கும். எங்கள் கிரேன் ஆபரேட்டர் தமிழர், என்னைவிட இருபது வயது மூத்தவர், எல்லாக் கடலையும் பார்த்தவர். அவரிடம் புலம்பினேன். "தம்பி, அங்க கேட்டாங்க, செஞ்சோம். இங்க யாரும் கேக்கல. கேக்காத கேள்விக்கு நீ எதுக்குப் பதில் தேடுற, போய்த் தூங்கு" என்றார். "அதே கெணறுதானண்ணே, அதே கேஸ்தான" என்றேன். பதில் சொல்லாமல் கையுறையைக் கழற்றி உதறினார். சில மாதங்களில் அந்தக் காகிதத்தின் உயிர் போய்விட்டது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. ஃப்ளோ செக் கேட்டால், "ஏன் சும்மா சும்மா நிறுத்தச் சொல்ற" என்று பதில் வர ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

எங்கள் ரிக்கில் எந்த விபத்தும் நடக்கவில்லை. இதை எழுத இத்தனை வருடம் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பலுக்கு ஒரு சட்டம், கிணற்றுக்கு?

எஞ்சின் அறைக்குப் போகும் படிக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன மீட்டர் உண்டு. எஞ்சின் அறையின் கழிவுநீரில் எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும். 10 லட்சத்தில் 15 பங்கைத் தாண்டினால் தானாகவே வால்வு மூடிக்கொள்ளும், கடலுக்குள் ஒரு சொட்டுப் போகாது. இது கப்பல்களால் கடல் மாசாவதைத் தடுக்கும் மார்ப்போல் என்ற உலக உடன்படிக்கையின் விதி, ரிக் எந்தக் கடலுக்குப் போனாலும் கூடவே வரும். நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்றால், எஞ்சின் அறைக் கழிவுக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால் கிணற்றுக்கு இதைவிடக் கடுமையான உலகச் சட்டம் இருக்கும் என்று. பிறகு அந்த உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவைப் படித்தேன். 'வெளியேற்றம்' என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, கடலடிக் கனிமங்களைத் தேடுவதிலும் எடுப்பதிலும் நேரடியாக வெளியேறுவது இதில் சேராது என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் உலகத்தின் கவலை, கிணற்றிலிருந்து பீறிடும் எண்ணெய் அந்தந்த நாட்டின் கவலை. அன்றைக்கு அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தேன், நான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று.

நஷ்ட ஈட்டிலும் இதே கதைதான். 1967-இல் டோரி கேன்யன் கப்பல் உடைந்தது. இரண்டே வருடத்தில், 1969-இல், எண்ணெய்க் கப்பல்களின் பொறுப்பு பற்றிய உடன்படிக்கை வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு பொது நிதியும் வந்தது. இன்றைக்கு ஒரு டேங்கர் கவிழ்ந்து, கரையிலிருக்கும் மீனவரின் வலை எண்ணெயில் ஊறினால், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடாக இருந்தால், யார் தப்பு செய்தார்கள் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. கிணற்றுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1977-இல் வடமேற்கு ஐரோப்பிய நாடுகள் லண்டனில் ஒரு உடன்படிக்கை எழுதின. அது நடைமுறைக்கே வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அதற்குப் பதிலாக அங்கே ஓடிக்கொண்டிருப்பது எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓப்போல் ஒப்பந்தம். 1975 முதல் இருக்கிறது, 2010-இல் ஒரு விபத்துக்கு 25 கோடி டாலர் என்று வரம்பை உயர்த்தினார்கள். அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்தப் பக்கத்துக் கடல்களுக்கு மட்டும்.

1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 208-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடலடி வேலைகளால் வரும் மாசைத் தடுக்க ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்ற வேண்டும், அந்தச் சட்டம் சர்வதேச விதிகளைவிடத் தளர்வாக இருக்கக் கூடாது, நாடுகள் கூடி உலக அளவிலும் பிராந்திய அளவிலும் விதிகளை உருவாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சர்வதேச விதியைவிடக் குறையக் கூடாது' என்று சொல்லும்போது, அந்த சர்வதேச விதி எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எண்ணெய்க் கசிவுக்குத் தயாராக இருப்பதைப் பற்றி 1990-இல் ஒரு உடன்படிக்கை வந்தது. அதில் எண்ணெய் மேடைகளும் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். கசிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு அது உதவும். கசியாமல் கிணற்றை எப்படிக் கட்டுவது, சிமெண்டை யார் சோதிப்பது, சோதித்ததை யார் சரிபார்ப்பது என்பதற்கு உலகம் முழுமைக்கும் கட்டாயமான விதி எதுவும் கிடையாது.

ஏன் இப்படி என்பது புரியாத விஷயம் இல்லை. கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போகிறது, போகிற இடமெல்லாம் ஒவ்வொரு விதி என்றால் வியாபாரமே நடக்காது. கிணறு ஓரிடத்தில் நிற்கிறது. அது நிற்கும் கண்டத்திட்டு ஒரு நாட்டின் சொத்து, அந்த நாட்டின் கஜானாவே சில சமயம் அதை நம்பித்தான் இருக்கிறது. என் வீட்டுக் கிணற்றுக்கு ஊரார் சட்டம் போடுவதா என்கிற எண்ணம். ஆனால் கிணறு மட்டும்தானே ஓரிடத்தில் நிற்கிறது? 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எரிந்த டீப்வாட்டர் ஹொரைசனைப் பாருங்கள். தென்கொரியாவில் கட்டியது, கொடி மார்ஷல் தீவுகளுடையது, சொந்தக்காரர் சுவிட்சர்லாந்தில் தலைமையகம் வைத்திருந்த டிரான்ஸ்ஓஷன், கிணறு பிரிட்டிஷ் நிறுவனமான பி.பி.யுடையது, தண்ணீர் அமெரிக்காவுடையது. அதற்கு முன்னால், 1979-இல், அதே வளைகுடாவில் மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு உடைந்து ஒன்பது மாதத்துக்கு மேல் வழிந்தபோது அந்த எண்ணெய் டெக்சாஸ் கரைவரை போனது.

இதையெல்லாம் படித்தபோது என் கருத்து உறுதியாக இருந்தது: ஒரே ஒரு உலக உடன்படிக்கை வேண்டும், எல்லாக் கடலுக்கும் ஒரே விதி, எல்லாக் கதவிலும் ஒரே எண். யார் வாதாடினாலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 23

அதை முதலில் உடைத்தது டீப்வாட்டர் ஹொரைசன் தோண்டிய மகோண்டோ கிணற்றின் விபத்தை விசாரித்த அமெரிக்க தேசிய ஆணையத்தின் அறிக்கை. 2011 ஜனவரியில் வந்தது, நான் தாமதமாகத்தான் படித்தேன். ஒரு இடத்தில் வட கடலில் நடந்த வேறொரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். 2009 டிசம்பர் 23. அதே டிரான்ஸ்ஓஷனின் இன்னொரு ரிக். கிணற்றை முடிக்கும் கட்டம். எதிர்மறை அழுத்தச் சோதனை (கிணற்றுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, கீழேயிருந்து ஏதாவது கசிந்து வருகிறதா என்று பார்ப்பது) தேறிவிட்டது, கிணற்றுக்குள் தடுப்பு உறுதியாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கனமான மட் திரவத்தை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தடுப்புத்தான் இருக்கிறதே என்று கண்காணிப்பு தளர்ந்திருந்தது. தடுப்பு உடைந்தது. கீழேயிருந்து ஏறி வந்தது கடலடியிலிருந்து ரிக் வரை வரும் ரைசர் குழாய்க்குள் நுழைந்து, மட் ரிக் தளத்தில் கொட்டி, கிட்டத்தட்ட ஒரு டன் கடலிலும் விழுந்தது. நல்லவேளை, பி.ஓ.பி.யை மூடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படிக்கும்போதே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். நாலு மாதம் கழித்து, 2010 ஏப்ரல் 20, அட்லாண்டிக்கின் மறுபக்கம், அதே நிறுவனத்தின் ரிக், மட் திரவத்தை எடுத்துக் கடல்நீரை நிரப்பும் அதே வேலை. எதிர்மறைச் சோதனையில் டிரில் பைப்பில் 1,400 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டியது, பக்கத்துக் குழாயில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டும் ஒத்துப்போகாததற்கு ஏதோ ஒரு விளக்கம் சொல்லி, தேறிவிட்டது என்று முடிவு செய்தார்கள். அன்று பிற்பகல் முழுக்க மட் திரவத்தைப் பக்கத்தில் நின்ற சப்ளை படகுக்கு நேராக அனுப்பிக்கொண்டிருந்ததால் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்ப்பதும் சிரமமாக இருந்தது. அது என்னுடைய நாற்காலி. என்னைப் போல ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலி. 11 பேர் இறந்தார்கள், கிணறு 87 நாள் கொட்டியது.

வட கடல் சம்பவத்தைப் பற்றி நிறுவனம் உள்ளுக்குள் ஒரு பவர்பாயிண்ட் தயாரித்திருந்தது. ஒரு எச்சரிக்கைச் சுற்றறிக்கையும் அனுப்பியது, ஏப்ரல் 14-ஆம் தேதி, வட கடலில் இருந்த ரிக்குகளுக்கு. இரண்டுமே டீப்வாட்டர் ஹொரைசனுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறது ஆணையம். இரண்டும் வெவ்வேறு சூழல் என்று நிறுவனம் சொன்னதையும், அடிப்படை ஒன்றுதான் என்று ஆணையம் மறுத்ததையும் எழுதியிருக்கிறார்கள். அன்றிரவு நான் அதற்குமேல் படிக்கவில்லை. இங்கே நாடுகளுக்கு நடுவில் எல்லை எதுவும் குறுக்கே வரவில்லையே. ஒரே நிறுவனம், ஒரே மொழி. அதற்குள்ளேயே ஒரு கடலில் கற்றது இன்னொரு கடலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நான் கேட்டுக்கொண்டிருந்த உலக உடன்படிக்கை என்ன செய்திருக்கும்? அந்த வளைகுடாவுக்கு பி.பி. வைத்திருந்த அவசரத் திட்டத்தில் வால்ரஸ்களைப் பற்றிய குறிப்பு இருந்தது. அங்கே வால்ரஸ் கிடையாது, அது பனிக்கடல் விலங்கு. அரசு அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. விதி இருந்தது, காகிதம் இருந்தது, கம்பெனி மேனை எழுப்பியிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்ட அந்த ஆய்வாளரைப் போல ஒருவர் அந்தக் காகிதத்தின் முன் உட்காரவில்லை.

பாடம் மெதுவாகப் போவதற்கு இன்னொரு உதாரணம் இதைவிடப் பெரியது. 1988 ஜூலை 6-இல் வட கடலில் பிரிட்டனின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை, அதைச் சொல்லும் சீட்டு கண்ணில் படாததால், அடுத்த ஷிஃப்ட் ஓட்டிவிட்டது. தீ பிடித்த பிறகும் பக்கத்து மேடைகள் எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டேயிருந்தன. 1990-இல், அதை விசாரித்த கல்லன் பிரபு 106 பரிந்துரைகள் கொடுத்தார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது: எண்ணெய் எடுப்பதை ஊக்குவிக்கும் துறையே பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டன் அதை எரிசக்தித் துறையிடமிருந்து எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்தது. அறிக்கை வெளியாகி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. அமெரிக்காவில் குத்தகைப் பணம் வசூலித்த அதே அலுவலகம்தான் 2010 வரை பாதுகாப்பையும் பார்த்தது. கிணறு வெடித்த பிறகுதான் பிரித்தார்கள். 20 வருடம். நான் பார்த்த இரண்டாவது நாட்டின் துறையை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ரோட்டே தீவின் கடற்பாசி

சரி, உடன்படிக்கையால் பிரயோஜனம் இல்லை, ஆட்கள்தான் முக்கியம் என்று முடிவுக்கு வந்தேன். சில காலம் அப்படியே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அதை உடைத்தது மொன்டாரா.

2009 ஆகஸ்ட் 21. திமோர் கடல், ஆஸ்திரேலியாவின் எல்லைக்குள். தாய்லாந்தின் பி.டி.டி.இ.பி. நிறுவனத்தின் கிளை நடத்திய மொன்டாரா வயலில் ஒரு கிணறு பீறிட்டது. அடியில் போட்ட சிமெண்ட் சரியில்லை, அதைச் சரியாகச் சோதிக்கவும் இல்லை, போட வேண்டிய ஒரு மூடியைப் போடவும் இல்லை. 74 நாள் வழிந்தது. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, ஐந்தாவது முயற்சியில்தான் அடைத்தார்கள். விசாரணை ஆணையம் நிறுவனத்தோடு சேர்த்து, மேற்பார்வை செய்ய வேண்டிய வட பிராந்தியத்தின் துறையையும் கடுமையாகக் கண்டித்தது. (அந்த அறிக்கை எழுதி முடிவதற்கு முன்பே மகோண்டோ வெடித்துவிட்டது. இரண்டிலும் சிமெண்ட்.) ஆஸ்திரேலியா 2012-இல் நாடு முழுமைக்கும் ஒரே ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. அந்த நாட்டுக்குள் பாடம் கற்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

எண்ணெய் வடக்கே இந்தோனேசியப் பக்கம் போனது. ரோட்டே தீவிலும் குபாங் பக்கமும் கரையோரத்தில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கயிற்றில் கட்டிய சின்னத் துண்டு சில வாரங்களில் கொத்தாக வளரும், அறுத்து, வெயிலில் காயவைத்து விற்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கூரை எல்லாம் அதிலிருந்துதான். அந்தப் பாசி வெளுத்து, கயிற்றிலிருந்து உதிர்ந்து விழுந்தது. அவர்கள் யாரிடம் போவது? அது டேங்கராக இருந்திருந்தால் ஏதோ ஒரு நிதி, ஏதோ ஒரு படிவம் இருந்திருக்கும் என்று மேலே சொன்னேன். கிணறு என்பதால் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் அந்த நிறுவனத்துக்கு 2012-இல் விதித்த அபராதம் 5,10,000 ஆஸ்திரேலிய டாலர், அதுவும் அந்த நாட்டு அரசுக்குப் போகும் பணம். 15,000-க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகளுக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் ஒரு கூட்டு வழக்கு நடந்தது. எண்ணெய் அவ்வளவு தூரம் போனது, பாசியை அழித்தது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2022 நவம்பரில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. கிணறு பீறிட்டு 13 வருடம். பாசி போன வருடம் பள்ளியில் சேர்ந்த குழந்தை, பணம் வரும்போது படிப்பையே முடித்திருக்கும்.

இங்கே எந்த ஆய்வாளர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், என்ன செய்திருக்க முடியும்? அவருடைய அதிகாரம் கடலின் ஒரு கோட்டோடு முடிந்துவிடுகிறது. இதற்குக் காகிதம்தான் வேண்டும், நாடுகள் கையெழுத்துப் போட்ட காகிதம். இந்தோனேசியா 2010-இலேயே சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சட்டக் குழுவில் இதை எழுப்பியது: எல்லை தாண்டும் கிணற்று எண்ணெய்க்கு ஒரு பொறுப்பு ஏற்பாடு வேண்டும் என்று. இது கப்பல் விஷயம் இல்லையே என்ற எதிர்ப்பு வந்தது. கடைசியில், பக்கத்துப் பக்கத்து நாடுகளே தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும், அதற்கு வழிகாட்டுதல் தரலாம் என்கிற அளவில் நின்றது. எனக்கு இது இன்றும் ஆறவில்லை. ஒரு பக்கம் பணமும் வக்கீலும் இருக்கும் நாடு, இன்னொரு பக்கம் கயிற்றில் பாசி கட்டுகிறவர்கள். இவர்கள் 'தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்' என்றால் என்ன பேச்சு நடக்கும்?

இப்போது நான் நிற்கும் இடம்

ஆக, இரண்டு தடவை மனம் மாறிய பிறகு, இதை இரண்டு தனி விஷயங்களாகப் பார்க்கிறேன். நஷ்ட ஈட்டுக்கு உலக உடன்படிக்கை வேண்டும், டேங்கருக்கு இருப்பதைப் போல, தப்பை நிரூபிக்காமலே பாதிக்கப்பட்டவர் வாங்கும்படி. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் கிணற்றை எப்படிப் பாதுகாப்பாகத் தோண்டுவது என்பதில் ஒரே உலக விதி என்றால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடும்படி எழுதினால் அது மிகத் தளர்வான நாட்டுக்கு ஏற்ற விதியாகத்தான் முடியும், அதைக் காட்டியே கண்டிப்பான நாட்டிலும் கம்பெனிகள் வாதாடும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒரே சட்டமாகக் கொண்டுவர முயன்றபோது பிரிட்டன் இதே காரணத்தைச் சொல்லி எதிர்த்தது. கடைசியில் 2013-இல், ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டு ஆணையாக வந்தது. குத்தகை கொடுப்பவரும் பாதுகாப்பைப் பார்ப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகள் 1994-இல் எழுதிய கடலடி நெறிமுறை நடைமுறைக்கு வர 2011 ஆனது. அந்த வேகத்தில் காத்திருக்கவும் முடியாது.

பாதுகாப்பில் எனக்கு நம்பிக்கை தருவது ஒழுங்குமுறை அமைப்புகளின் ஆட்களே நேரடியாகச் சந்தித்துக்கொள்வது. வட கடல் நாடுகளின் அதிகாரிகள் 1989-இலிருந்து கூடிப் பேசுகிறார்கள். 1994-இலிருந்து சர்வதேச ஒழுங்குமுறையாளர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. நார்வே, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகள் அதில் விபத்துக் கணக்குகளையும் பாடங்களையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் உறுப்பினர்கள் சுமார் பத்து நாடுகள்தான். நான் பார்த்த இரண்டாவது நாடு போன்றவை வெளியேதான் நிற்கின்றன, யாருக்கு அந்தப் பாடம் அதிகம் தேவையோ அவர்கள்.

இதில் ஒரு சம்பவத்தை நினைக்கும்போது மட்டும் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. 2012-இல் கியூபாவின் கடலில் தோண்டுவதற்காக ஸ்காரபியோ 9 என்ற ரிக்கை ஸ்பெயினின் ரெப்சால் நிறுவனம் கொண்டு போனது. புளோரிடாவுக்குப் பக்கத்துத் தண்ணீர். கியூபாவோடு அமெரிக்காவுக்கு அப்போது தூதரக உறவு இல்லை, வர்த்தகத் தடை வேறு. அமெரிக்காவுக்கு அந்தக் கிணற்றின் மேல் எந்த அதிகாரமும் இல்லை. இருந்தும், ரிக் டிரினிடாட் பக்கம் வந்தபோது, ரெப்சால் அழைக்க, அமெரிக்கக் கடலோரக் காவல்படையினரும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். ஏணியில் ஏறி, பி.ஓ.பி.யையும் பயிற்சி ஆவணங்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை, அது வேறு. அறுபதுகளிலிருந்து தூதரக உறவே இல்லாதிருந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் இது முடிந்தது என்றால், ஒரு ரிக் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, முன்பு அதைப் பார்த்த ஆய்வாளரின் அறிக்கையும் கூடவே போக வேண்டும் என்று கேட்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா? எங்கள் ரிக்கோடு அந்த ஐம்பது வயதுக்காரரின் நோட்டில் இருந்த ஒரு பக்கம் வந்திருந்தால், உயிர்காப்புப் படகை எண்ணிய அந்த அதிகாரிக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

ரிக் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள், சம்பளம், லீவு, சர்ட்டிபிகேட் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியதும் இண்டக்‌ஷன் நடக்கும், மஸ்டர் ஸ்டேஷன் (ஆபத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடம்) எங்கே, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று காட்டுவார்கள். கடைசியில் கேள்வி உண்டா என்பார்கள். கையைத் தூக்குங்கள். இந்தத் தண்ணீரில் எங்கள் பாதுகாப்பைப் பார்ப்பது எந்த நாட்டின் எந்த அலுவலகம், அவர்களை ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட என்ன எண் என்று கேளுங்கள். எண் தந்தால் அன்றைக்கே ஒரு தடவை கூப்பிட்டு, மணி அடிக்கிறதா, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால், கேட்டேன், தரவில்லை என்று தேதி போட்டு உங்கள் டைரியில் எழுதி, யாரிடம் கேட்டீர்களோ அவரிடம் அதைக் காட்டிவிட்டு வேலைக்குப் போங்கள். நான் அந்தப் பக்கம் இருந்தபோது அதைக்கூடச் செய்யவில்லை.